பேரேட்டில் ஏறிய துப்பாக்கி

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி டல்லாஸ் நகரில் சுடப்பட்டது 1963 நவம்பர் 22, நண்பகல். அன்றிரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் சிகாகோவில் ஒரு கடையின் கணக்குகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் போன சாலையோரப் புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் ஓர் இத்தாலிய ராணுவ ரைபிள் கிடைத்திருந்தது. அதில் பொறித்திருந்த எண் சி2766. அந்த ரகத்தை விற்றுவந்த நியூயார்க் மொத்த வியாபாரி தன் கணக்கைப் பார்த்து, சிகாகோவின் க்ளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் கடைக்கு அதை அனுப்பியதாகச் சொன்னார். க்ளைன்ஸ் ஊழியர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மைக்ரோஃபிலிம் சுருள்களில் பழைய ஆர்டர்களைத் தேடினார்கள். விடிவதற்குள் கிடைத்துவிட்டது.

கிடைத்தது ஒரு பத்திரிகைக் கூப்பன். 'அமெரிக்கன் ரைபிள்மேன்' இதழின் 1963 பிப்ரவரி விளம்பரத்திலிருந்து கத்தரித்தது. பெயர் ஏ. ஹிடெல், முகவரி டல்லாஸ், தபால் பெட்டி எண் 2915. குறிபார்க்கும் தொலைநோக்கியோடு ரைபிளின் விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50, ஆக 21.45 டாலருக்கு ஒரு மணியார்டர். மார்ச் 20-ஆம் தேதி பார்சல் கிளம்பியிருக்கிறது. விற்றவர் வாங்கியவரின் முகத்தைப் பார்த்ததில்லை. வாங்கியவரின் பெயர் ஹிடெலும் இல்லை. கென்னடி கொலையில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்ட்.

அதே மார்ச் 20-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தும் அவருக்கு ஒரு பார்சல் கிளம்பியது. சீபோர்ட் டிரேடர்ஸ் என்ற கடை அனுப்பிய .38 ரிவால்வர், விலை 29.95 டாலர். பத்து டாலர் முன்பணம். மீதியைப் பொருள் கைக்கு வரும்போது கட்டிக்கொள்ளலாம், நம் வி.பி.பி. போல. கென்னடி செத்த அன்று டல்லாஸ் தெருவில் டிப்பிட் என்ற போலீஸ்காரரைச் சுட்டது இந்த ரிவால்வர்தான். அதன் ஆர்டர் படிவத்தில் ஒரு சங்கதி உண்டு. வாங்குபவர் அமெரிக்கக் குடிமகன், கடுங்குற்றத்தில் தண்டனை பெறாதவர் என்று ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். டி.எஃப். டிரிட்டல் என்று ஒருவர் போட்டிருந்தார். அதுவும் ஆஸ்வால்டின் கையெழுத்துதான் என்று கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முன் கையெழுத்து நிபுணர்கள் சொன்னார்கள்.

முன்பின் தெரியாதவருக்குத் தொலைவிலிருந்து துப்பாக்கி விற்கச் சாட்சி ஒன்று வேண்டும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சாட்சியை வாங்குபவரே கூட்டிவரட்டும் என்று விட்டதில்தான் கோளாறு. ஐந்து வருஷம் கழித்து வந்த சட்டம், சாட்சியின் நாற்காலியில் உள்ளூர் துப்பாக்கிக் கடைக்காரரை உட்காரவைத்தது. ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்துக்காரருக்குத் துப்பாக்கி விற்பதும், ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதும் இன்றுவரை அந்தக் கடைக்காரரின் பேரேடு வழியாகத்தான் நடக்கின்றன.

கடைக்காரர் இடையில் இல்லாததே ஒரு காலத்தில் இந்த வியாபாரத்தின் கவர்ச்சியாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாண்ட்கோமரி வார்டு, சியர்ஸ் ரோபக் என்ற இரு சிகாகோ நிறுவனங்களின் கேட்லாக் போகாத பண்ணை வீடு அமெரிக்காவில் குறைவு. தையல் மெஷின், கலப்பை, கல்லறைக் கல் எல்லாம் இருந்த அந்தத் தடித்த புத்தகத்தில் ஷாட்கன்னும் ரிவால்வரும் தமக்கென்று பக்கங்கள் பிடித்திருந்தன. பக்கத்து டவுன் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு வயிறெரிந்த விவசாயிக்கு, எழுதிப் போட்டால் வந்து இறங்கும் துப்பாக்கி பெரிய விடுதலை. 1896-இல் கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் போகத் தொடங்கியது. 1913 ஜனவரி 1 முதல் தபால் துறையே பார்சலும் சுமந்தது. சிற்றூர் வியாபாரிகள் பார்சல் தபாலைக் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் பிழைப்பு போகும் என்பது அவர்கள் வாதம், அதில் தவறும் இல்லை. துப்பாக்கி விஷயத்தில் மட்டும், அரை நூற்றாண்டு கழித்து அரசாங்கமே அவர்களுக்குக் கட்டாய வாடிக்கையாளரைக் கூட்டிவந்து விட்டது. அன்று யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் தடை 1927-இல் வந்தது. ஆளுக்குத் தெரியாமல் மறைத்து எடுத்துப்போகக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டார். வாஷிங்டன் மாநிலத்து உறுப்பினர் ஜான் மில்லர் கொண்டுவந்த இந்தச் சட்டத்தில் ஓட்டை அல்ல, ஒரு வாசலே இருந்தது. தபால் துறைக்குத்தான் தடை. ரயில்வே எக்ஸ்பிரஸ் போன்ற தனியார் பார்சல் கம்பெனிகள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைகள் விளம்பரத்தில் 'ரயில்வே எக்ஸ்பிரஸில் அனுப்பப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு வழக்கம்போல விற்றன. ஆஸ்வால்டின் ரைபிள் தபாலிலும் ரிவால்வர் ரயில்வே எக்ஸ்பிரஸிலும் வந்ததற்குக் காரணம் இந்தப் பழைய சட்டம்தான்.

1934-இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குறுக்கிய ஷாட்கன்னுக்கும் கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி என்றார்கள். அப்போது ஒரு தாம்ஸன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். கைத்துப்பாக்கியும் அந்த மசோதாவில் முதலில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். 1938-இல் இன்னொரு சட்டம்: மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி அனுப்பும் வியாபாரி மத்திய அரசிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும், விற்றதைக் குறித்துவைக்க வேண்டும். லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு ஒரு டாலர். வன்முறைக் குற்றவாளிக்கு விற்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் வாங்குபவர் அப்படிப்பட்டவர் என்று வியாபாரிக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும். முகமே பார்க்காத வியாபாரிக்கு என்ன தெரியும்? தெரிந்துகொள்ளாமல் இருப்பதே அவருக்கு லாபம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய ராணுவங்களிடம் தேவைக்கு மேல் ரைபிள்கள் குவிந்து கிடந்தன. சாமுவேல் கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர், முன்பு சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர், 1953-இல் இன்டர்ஆர்ம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கினார். வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியாவில் பொடோமாக் ஆற்றங்கரையில் அவருடைய கிடங்குகள். மற்ற இறக்குமதியாளர்களும் இறங்கினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்த வேட்டை ரைபிளின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, போர் பார்த்த மவுசரோ என்ஃபீல்டோ இத்தாலியக் கார்கானோவோ கிடைத்தது. ஆஸ்வால்டிடம் இருந்தது 1940-இல் டெர்னி ஆலையில் செய்த கார்கானோ. தொலைநோக்கி வேண்டாம் என்றால் அது வெறும் 12.78 டாலர்.

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் துப்பாக்கி ஆலைகளுக்கு இது பொறுக்கவில்லை. கோல்ட், வின்செஸ்டர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள். ராணுவ மிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க 1958-இல் செனட்டில் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடி. உள்ளூர்த் தொழிலுக்காகப் பேசினார். மசோதா நீர்த்துப்போய், அயல்நாட்டு ராணுவ மிச்சம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இதில் விதியின் கையைப் பார்ப்பவர்கள் பார்க்கலாம். பார்க்காதவர்களுக்கு அது ஒரு தொகுதி எம்.பி. தன் தொகுதி ஆலைக்குச் செய்த சாதாரண வேலை.

கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் 1961-இலேயே தபால் வழித் துப்பாக்கி வியாபாரத்தை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். அவர் தலைமை வகித்தது சிறார் குற்றங்களை ஆராயும் துணைக்குழு. மலிவுக் கைத்துப்பாக்கிகள் கூப்பன் வழியாகப் பையன்கள் கைக்கும், பழைய குற்றவாளிகள் கைக்கும் போவதை அது தோண்டி எடுத்தது. 1963 ஆகஸ்டில், கொலைக்கு மூன்று மாதம் முன்பு, டாட் தன் மசோதாவைக் கொண்டுவந்தார்; கைத்துப்பாக்கிக்கு மட்டும். நவம்பருக்குப் பிறகு ரைபிளையும் ஷாட்கன்னையும் சேர்த்தார். தேசிய ரைபிள் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஃபிராங்க்ளின் ஆர்த்கூட அப்போது செனட் குழு முன் வந்து ஆதரவாகவே பேசினார். இன்றைய அந்தச் சங்கத்தை அறிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். சங்கத்து உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். மசோதா வருஷக்கணக்கில் குழுவில் கிடந்தது.

1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூனில் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி. ஜூன் 19-ஆம் தேதி கைத்துப்பாக்கிக்கு மட்டுமான கட்டுப்பாடு, அக்டோபர் 22-ஆம் தேதி எல்லா வகைக்குமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று இரண்டிலும் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷத்து இரண்டு கொலைகளுக்கும் தபாலுக்கும் சம்பந்தமே இல்லை. கிங்கைச் சுட்டவர் பர்மிங்காம் நகரத்துக் கடையில் நேரில் போய்ப் பொய்ப்பெயரில் ரைபிள் வாங்கினார். பிடிக்காமல் மறுநாள் மாற்றியும் வாங்கினார். ராபர்ட் கென்னடியைச் சுட்ட ரிவால்வர் தெரிந்தவர் கையிலிருந்து தெரிந்தவர் கைக்குப் போய்க்கொண்டிருந்த பழசு. சட்டத்தை நகர்த்தியது 1968-இன் அதிர்ச்சி, சட்டத்தின் உள்ளடக்கம் 1963-இன் கூப்பன். ஜான்சன் கேட்டது இதைவிடப் பெரியது: ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவாக வேண்டும், ஒவ்வொருவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றார். காங்கிரஸ் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட மேடையிலேயே துப்பாக்கி லாபியைக் குறைசொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

புதிய சட்டம் மாநில எல்லையைச் சுவராக்கியது. லைசென்ஸ் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்கவோ கொடுக்கவோ கூடாது. இடையில் மத்திய லைசென்ஸ் பெற்ற டீலர் இருந்தே ஆக வேண்டும். லைசென்ஸ் டீலருக்குத்தான், வாங்குபவருக்கு இல்லை என்பதை இந்திய வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சில மாநிலங்கள் தாமாகக் கேட்பது வேறு. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு தனிநபர்கள் கொடுத்து வாங்கினால் மத்திய சட்டம் டீலரைக் கேட்பதில்லை. இதன் விளைவை கான்சாஸ் சிட்டியில் போய்ப் பார்க்கலாம். அங்கே ஸ்டேட் லைன் ரோடு என்ற சாலையின் ஒரு பக்கம் மிசௌரி, மறுபக்கம் கான்சாஸ். எதிர் வீட்டுக்காரரிடம் பழைய ஷாட்கன் வாங்கினால் டீலர், படிவம், கட்டணம் எல்லாம் உண்டு. 400 கிலோமீட்டர் காரோட்டி மிசௌரியின் மறுகோடியில் செயின்ட் லூயிஸில் முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் ஒன்றும் கிடையாது.

டீலர் என்ன செய்கிறார்? ஒஹையோவில் இருப்பவர் டெக்ஸஸில் இருப்பவருக்கு ஒரு ரிவால்வரை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் பேசி முடித்ததும் டெக்ஸஸ்காரர் தன் ஊர் டீலரிடம் போய், 'எனக்கு ஒன்று வருகிறது, வாங்கிக்கொள்வீர்களா' என்று கேட்பார். டீலர் தன் லைசென்ஸ் நகலை அனுப்பிவைப்பார். ஒரு காலத்தில் அதில் மையில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புவார்கள். பிறகு ஃபேக்ஸ் வந்தது. அந்த லைசென்ஸ் எண் பதினைந்து எழுத்து நீளம். மண்டலம், மாவட்டம், கவுன்ட்டி, லைசென்ஸ் வகை, காலாவதி மாதம், கடைசியில் ஐந்து இலக்க வரிசை எண் என்று ஆறு துண்டுகளாக அது உடையும். முதல் மூன்று இலக்கத்தையும் கடைசி ஐந்தையும் அரசாங்கத்தின் இணையதளத்தில் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடை முகவரி எது என்று வந்துவிடும். நகலில் ஒட்டுவேலை செய்து வேறு முகவரி போட்டு ஏமாற்ற முயல்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பெட்டி வந்ததும் டீலர் அதைத் தன் பேரேட்டில் ஏற்றுகிறார். இடது பக்கம் வரவு: செய்த கம்பெனி, மாடல், வரிசை எண், வகை, குழல் அளவு, வந்த தேதி, அனுப்பியவர் பெயரும் முகவரியும். மறுநாள் கடை சாத்துவதற்குள் எழுதியாக வேண்டும். அதனால்தான் லைசென்ஸ் இல்லாத தனிநபர் அனுப்பும் பெட்டிக்குள் அவருடைய டிரைவிங் லைசென்ஸ் நகல் இல்லாவிட்டால் பல டீலர்கள் வாங்க மாட்டார்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயமானது 1968-இல்தான். அதற்கு முந்தைய மலிவு ஷாட்கன்கள் எண்ணே இல்லாமல் வரும், அந்தக் கட்டத்தில் 'எண் இல்லை' என்று எழுதுவார்கள். எண் பொறித்த பாகம்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழலும் கட்டையும் விசைவில்லும் சாதாரணப் பார்சலில் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம்.

பிறகு டெக்ஸஸ்காரர் கடைக்கு வருகிறார். அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். தண்டனை பெற்றவரா, தேடப்படுபவரா, போதைப் பழக்கம் உண்டா என்று கேள்விகள். 1998 நவம்பர் முதல் டீலர் எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சரிபார்ப்பு அமைப்பிடமோ, சில மாநிலங்களில் மாநில அலுவலகத்திடமோ கேட்க வேண்டும். 'கொடுக்கலாம்', 'பொறுங்கள்', 'கூடாது' என்று மூன்றில் ஒரு பதில் வரும். கொடுக்கலாம் என்றால் பேரேட்டின் வலது பக்கம் பற்று எழுதி, இருபது முப்பது டாலர் கூலி வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுப்பார். கூடாது என்றால்தான் தலைவலி. துப்பாக்கி இப்போது டீலரின் வரவில் நிற்கிறது. ஒஹையோவில் இன்னொரு டீலருக்குத்தான் திருப்பி அனுப்ப முடியும். அங்கே விற்றவர் தன் சொந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெற, தானே 4473 நிரப்பிச் சரிபார்ப்பில் தேற வேண்டும்.

1968 சட்டம் போட்ட டீலர் லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்குப் பத்து டாலர். அமெரிக்கர்கள் உடனே ஒரு கணக்குப் போட்டார்கள். டீலர்தான் தபாலில் வாங்கலாம் என்றால் நாமே டீலராகிவிட்டால் என்ன? கடை கிடையாது, பலகை கிடையாது, சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பேரேடு எழுதும் 'கிச்சன் டேபிள் டீலர்'கள் பெருகினார்கள். மொத்த விலையில் வாங்கலாம், வீட்டு வாசலில் பார்சல் இறங்கும், நண்பர்களுக்கும் வரவழைத்துக் கொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் நாட்டில் டீலர் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். தபால் வியாபாரத்தை ஒழிக்க வந்த சட்டம் தபாலில் வாங்குகிறவர்களையெல்லாம் வியாபாரியாக்கிவிட்டது. இந்த நூறு வருஷக் கதையில் இதைவிட நல்ல நகைச்சுவை வேறில்லை.

அவர்களுடைய சந்தை 'ஷாட்கன் நியூஸ்'. நெப்ராஸ்காவில் 1946-இல் தொடங்கிய இதழ். செய்தித்தாள் போன்ற மட்டக் காகிதத்தில், பொடி எழுத்தில், வரிக்கு வரி விளம்பரம். படிக்க ஒன்றும் இருக்காது, வாங்க எல்லாம் இருக்கும். நாட்டின் ஒரு கோடியில் இருப்பவர் மறுகோடியில் இருப்பவருக்குப் போன் போட்டுப் பேரம் பேசி, மணியார்டரையும் லைசென்ஸ் நகலையும் ஒரே உறையில் வைத்து அனுப்புவார். சேகரிப்பாளருக்கு இன்னும் சுலபமான வழி இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழந்துப்பாக்கிகளுக்கென்று தனி லைசென்ஸ், மூன்று வருஷத்துக்கு 30 டாலர்; அதை வைத்திருப்பவரின் வீட்டுக்கே பார்சல் போகலாம், ஒரு பேரேடு மட்டும் எழுதிவர வேண்டும். போர்க்காலக் கார்கானோ ரைபிளும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

1986-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் சில கட்டுகளைத் தளர்த்தியது. ரைபிளையும் ஷாட்கன்னையும் எந்த மாநிலத்து டீலரிடமும் நேரில் வாங்கலாம், இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒத்துப்போனால் போதும் என்றது. கைத்துப்பாக்கிக்குச் சொந்த மாநிலத்து டீலர்தான். டீலர்களின் பேரேடுகளைத் திரட்டி மத்தியப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்றும் அது எழுதிவைத்தது. 1993-இல் காற்று திசை மாறியது. சரிபார்ப்பைக் கொண்டுவந்த பிரேடி சட்டத்தோடு லைசென்ஸ் கட்டணம் மூன்று வருஷத்துக்கு 200 டாலராக ஏறியது. அடுத்த வருஷம் கைரேகையும் புகைப்படமும் கேட்டார்கள். வீட்டில் கடை நடத்த உள்ளூர் நகராட்சி விதி இடம்கொடுக்கிறதா என்றும் பார்த்தார்கள். சில வருஷங்களில் சாப்பாட்டு மேஜைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன.

அவர்கள் போன கையோடு இணையம் வந்தது. இணைய ஏலத்தின் முதல் வருஷங்களில் இபேயில் துப்பாக்கியும் ஏலம் போனது. 1999-இல் இபே அதை நிறுத்தியது. அதே வருஷம் துப்பாக்கிக்கென்றே கன்புரோக்கர் என்ற ஏலத் தளம் தொடங்கியது. விளம்பரம் பொடி எழுத்திலிருந்து திரைக்கு ஏறினாலும், பொருள் கடைசியில் பேரேட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. பேபால் துப்பாக்கிப் பணத்தைத் தொடாது. அதனால் தனிநபர்கள் பலர் இன்றும் அஞ்சலக மணியார்டரைத்தான் கேட்கிறார்கள்.

விற்பதைவிட மாற்றிக்கொள்வது சிக்கல். இருவரும் அனுப்ப வேண்டும், இருவரும் பெற வேண்டும். இரண்டு டீலர், இரண்டு படிவம், இரண்டு கூலி. முதலில் யார் அனுப்புவது என்பதற்கு எழுதாத ஒரு மரியாதை உண்டு: நற்பெயர் குறைந்தவர், அதாவது இதற்குமுன் அதிகம் மாற்றிக்கொள்ளாதவர், முதலில் அனுப்புவார். சமமாக இருந்தால் ஒரே நாளில் இருவரும் அனுப்பிப் பார்சல் எண்ணை மாற்றிக்கொள்வார்கள். டீலர் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து, சொன்னதுபோல் இல்லை என்றால் 4473-இல் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கையெழுத்திட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். சட்டம் கேட்பது குற்றப் பின்னணியை மட்டுந்தான்; குழலில் துரு இருக்கிறதா, கட்டை கீறியிருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனாலும் இந்த ஒரு நிமிஷப் பரிசோதனை நடப்பது அதே கவுன்ட்டரில்தான்.

எல்லாச் சாட்சியும் சரியாக இருந்தும் மாட்டிக்கொண்டவர் உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் அப்ராம்ஸ்கி. போலீஸ்காரர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் ஒரு க்ளாக் பிஸ்டலை 2009-இல் தன் மாமாவுக்காக வாங்கினார். மாமா இருந்தது பென்சில்வேனியாவில். துப்பாக்கியை அங்குள்ள டீலர் வழியாக முறைப்படி மாற்றிக்கொடுத்தார். மாமாவும் சரிபார்ப்பில் தேறினார். ஆனால் வர்ஜீனியா டீலரின் 4473-இல், 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்ற கேள்விக்கு அப்ராம்ஸ்கி 'ஆம்' என்று குறித்திருந்தார். மாமா அவருக்கு 400 டாலர் செக் கொடுத்திருந்ததால் அது பொய் என்றது அரசு. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தண்டனையை உறுதிசெய்தது. டீலர் எதிரே நிற்பவர்தான் வாங்குபவர் என்று ஆகாவிட்டால் சட்டம் முழுவதுமே வீண் என்பது நீதிபதி கேகன் எழுதிய தீர்ப்பின் சாரம். வாங்கத் தகுதி உள்ளவருக்குத்தானே போனது, இதில் குற்றம் எங்கே என்று நீதிபதி ஸ்காலியா மாறுபட்டார். மாமாவின் தகுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. பேரேட்டில் தவறான பெயர் ஏறியதுதான் வழக்கு.

இந்தப் பேரேடுகளை யார் படிக்கிறார்கள்? குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்குக் கேள்வி போகும். ஆண்டுக்கு ஆறு லட்சத்தை ஒட்டி வருகின்றன. மையத்தார் செய்வது க்ளைன்ஸ் ஊழியர்கள் அன்றிரவு செய்த வேலையையேதான்: தயாரித்தவரைக் கேள், அவர் விற்ற மொத்த வியாபாரியைக் கேள், பிறகு டீலரை, பிறகு 4473-ஐ. மூடிப்போன கடைகளின் பேரேடுகள் அந்த மையத்துக்கு வந்து குவிகின்றன. கட்டடத்துக்குள் இடம் போதாமல் வெளியே கன்டெய்னர்களில் வைத்திருந்த காலமும் உண்டு. படமெடுத்துக் கணினியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பெயரைத் தட்டித் தேடும்படி செய்யச் சட்டம் விடாது. ஊழியர் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடல் பெரும்பாலும் முதலில் கடையில் வாங்கியவரோடு நின்றுவிடும். அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால் தடம் அங்கே அழியும். வேறு மாநிலத்து அந்நியருக்கு விற்றிருந்தாலோ, இன்னொரு டீலரின் வரவில் அது மறுபடி எழுந்திருக்கும்.

2022-இல் யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் இரண்டும் லைசென்ஸ் இல்லாதவரிடமிருந்து துப்பாக்கிப் பார்சல் வாங்குவதை நிறுத்தின. ரைபிளையும் ஷாட்கன்னையும் வேறு மாநிலத்து டீலருக்குத் தனிநபர் தபாலில் அனுப்பலாம். ரிவால்வர் வைத்திருப்பவருக்கு 1927 சட்டம் தபால் வாசலை அடைத்திருந்தது. பார்சல் கம்பெனி வாசலும் அப்போது அடைபட்டது. அவர் தன் ஊர் டீலரிடம் கொடுத்து, அவர் வரவு வைத்து, பற்று எழுதி, அடுத்த மாநிலத்து டீலருக்கு அனுப்பினால்தான் உண்டு என்று ஆனது. கூலி இரண்டு கடைக்கும். அதை விற்பவர் தருவதா, வாங்குபவர் தருவதா என்பது விலையோடு சேர்ந்தே பேசப்பட்டது.